உடன் வந்தவர்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறேன். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்குக் காலை பத்து மணிக்கே போய்ச் சேர்ந்து, பிற்பகல் மூன்றரை வரை தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் மாறி மாறி உட்கார்ந்திருந்து, டவாலி மூன்று முறை பெயரைக் கூவிய பிறகு உள்ளே சென்று, கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். கணவனைக் கொன்றதாகக் கூண்டில் நின்றவள் என் பக்கத்து வீட்டுக்காரி. நான் அரசுத் தரப்பின் நான்காவது சாட்சி. அந்தக் கால் மணி நேரத்தில் நான் சொன்னதைவிட, என்னிடம் கேட்கப்படாததுதான் அதிகம். அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். அவளுடைய பெயரையும் தெருவையும் சொல்லப் போவதில்லை.

சிவதாபுரம் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பதைப் போல, அவளும் வீட்டிலேயே கொலுசு வேலை செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக் கம்பியில் சலங்கை வைத்துப் பற்றவைக்கும் வேலை. அந்த வேலை செய்கிறவர்களின் விரல்களில் சிறு சிறு தீப்புண் தழும்புகள் இருப்பது இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. அதனால் அவளுடைய முழங்கைக்கு மேலே இருந்த வட்டமான தழும்புகளையும் ஆரம்பத்தில் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். “பத்த வைக்கிறப்ப சுட்டுக்கிட்டேன் அக்கா” என்பாள். பற்றவைக்கும் நெருப்பு முழங்கைக்கு மேலே, அதுவும் பீடி முனை அளவில் ஒரே வட்டமாக எப்படிச் சுடும் என்று யோசிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

சம்பவம் நடந்த இரவில் பன்னிரண்டு மணி வரை சத்தம் கேட்டது. “விடியட்டும், உன்னையும் பையனையும் சேத்து முடிக்கிறேன்” என்று அவன் சொன்னதை நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த நான் காதால் கேட்டேன். பிறகு அமைதி. அவன் தூங்கிவிட்டான். ஏறக்குறைய மூன்று மணிக்கு அவள் அம்மிக் குழவியை எடுத்தாள். ஐந்து மணிக்கு என் கதவைத் தட்டி, பையனை என்னிடம் விட்டுவிட்டு, தானே நடந்து போய்க் காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நீதிமன்றத் தமிழ் ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே ‘எதிரி’ என்பார்கள். எனக்கு மோர் கடன் கொடுத்தவளை, என் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தவளை, “எதிரியை எனக்குத் தெரியும்” என்று சொல்ல வைத்தார்கள். அரசு வழக்கறிஞர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எதிரிக்கும் இறந்தவருக்கும் அடிக்கடித் தகராறு வருமா? வரும் என்றேன். வழக்கமாக யார் அடிப்பார், யார் அடி வாங்குவார் என்பதை அவர் கேட்கவில்லை, அது அவருடைய வேலையும் அல்ல. குறுக்கு விசாரணையில் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அவளுக்காக வாதாடியவரோ, அந்த இரவில் நான் வீட்டிலேயே இல்லை என்றும், காவல்துறை சொல்லிக் கொடுத்தபடி பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் இரண்டு கேள்விகளைப் போட்டுவிட்டு அமர்ந்துவிட்டார். “சம்பவ நேரத்தில் நான் வீட்டில் இல்லை என்று சொன்னால் சரியல்ல” என்று என் வாக்குமூலம் தட்டச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவளைத் தப்புவிக்க அவர் எடுத்த வழி முழு மறுப்பு. கொல்லவே இல்லை, வேறு யாரோ செய்தார்கள், வழக்கு பொய் வழக்கு. இதில்தான் எனக்கு இன்றளவும் ஆறாத வருத்தம். கொல்லவே இல்லை என்று நிற்கிறவள், உயிருக்குப் பயந்து கொன்றேன் என்பதை எந்த வாயால் சொல்வாள்? ஆகவே பதினோரு ஆண்டு அடி, தீர்ப்பில் ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. கணவன் மீது எதிரிக்கு ‘முன்விரோதம்’ இருந்தது என்பதற்கு ஆதாரமாக, என் சாட்சியத்தைச் சுட்டிக்காட்டி வந்தது. அவள் பட்ட அடியே அவள் கொன்றதற்கான நோக்கமாகிவிட்டது. பிரிவு 302, ஆயுள் தண்டனை.

அதன் பிறகுதான், சட்டம் படித்த என் அண்ணன் மகனை உட்கார வைத்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன, இவளுடைய சம்பவம் அதற்கு முந்தையது.) தற்காப்பு உரிமை பிரிவு 96 முதல் 106 வரை பேசப்படுகிறது. சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தாக்க வந்தவரைக் கொல்வது வரைகூட அந்த உரிமை நீளும் என்கிறது பிரிவு 100. மதுரையில் 2012-ல், பெற்ற மகளிடமே தகாத முறையில் நடக்க முயன்ற கணவனை மட்டையால் அடித்துக் கொன்ற ஒரு தாயை, இந்தப் பிரிவைக் காட்டியே காவல்துறை விடுவித்தது. ஆனால் அங்கே ஆபத்து கண்முன் நடந்துகொண்டிருந்தது. இங்கே அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனால் என்ன ஆபத்து என்று கேட்டால் சட்டத்தின் நேர் வரியில் பதில் இல்லை.

அடுத்தது, கொலையைக் கொலையல்லாத மரணமாகக் குறைக்கும் விதிவிலக்கு: கடுமையான, திடீரெனத் தூண்டப்பட்ட ஆத்திரம். இங்கேயும் இடிப்பது அந்தத் ‘திடீர்’தான். புகழ்பெற்ற நானாவதி வழக்கில், வேறொருவருடன் தனக்கிருந்த உறவை மனைவி சொன்னதற்கும், கணவர் நானாவதி அந்த ஆளைச் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்திருந்தது. ஆத்திரம் அடங்க அது போதிய நேரம் என்று உச்ச நீதிமன்றம் 1961-ல் சொல்லிவிட்டது. என் பக்கத்து வீட்டிலும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே அதே மூன்று மணி நேரம்தான். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்த கடற்படை அதிகாரிக்கு அந்த நேரம் ஆத்திரம் தணியும் நேரமாக இருந்திருக்கலாம். விடிந்தால் சாவு என்று சொல்லப்பட்டவளுக்கு, விடியலை நோக்கி நகரும் ஒவ்வொரு மணியும் பயத்தை ஏற்றுமே தவிர இறக்காது. ஆணின் கோபத்தை அளந்த கோலால் பெண்ணின் பயத்தை அளந்தால் இப்படித்தான் வரும்.

இதைச் சென்னை உயர் நீதிமன்றம் எப்போதோ உணர்ந்திருந்தது என்பதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1989-ல் சுயம்புக்கனி வழக்கு. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறக்க, தான் மட்டும் பிழைத்துவிட்ட ஒரு தாயின் வழக்கு. அந்த மனநிலைக்கு நீதிமன்றம் சூட்டிய பெயர் நல்லதங்காளுடையது. பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், மூளி அலங்காரியின் கையால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட அதே நல்லதங்காள். திடீர்த் தூண்டுதல் வேறு, நாள்பட்டு நீண்ட தூண்டுதல் வேறு. பின்னதில் கடைசியாக நடந்தது மிக அற்பமானதாகக்கூட இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு, கொலைக் குற்றத்தை நீதிமன்றம் குறைத்தது. மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டியின் அச்சு முறியும் என்பது நமக்குத் தெரியாததா? இதே வழியில் 2013-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், கணவனின் அடியைப் பல காலம் தாங்கிய ஒரு மனைவியின் கொலைத் தண்டனையைக் குறைத்திருக்கிறது.

வெளிநாடுகளிலும் இது எளிதில் வரவில்லை. இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், 1989-ல் தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்துவிட்டு, ஆயுள் தண்டனை பெற்று, 1992-ல் மேல்முறையீட்டுக்குப் பிறகே வெளியே வந்தார். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990-ல் லாவல்லி வழக்கில், அடுத்த அடி விழத் தொடங்கும் வரை அடிபடும் பெண் காத்திருக்க வேண்டும் என்பது தவணை முறையில் சாகச் சொல்வதற்குச் சமம் என்ற கருத்தை ஏற்றது. இதற்கு அவர்கள் ‘அடிபட்ட பெண் சிண்ட்ரோம்’, அதாவது நோய்க்குறி, என்று பெயர் வைத்திருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. என் பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்த நோயும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக அவன் சொன்னதைச் செய்கிறவன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இறந்தவனின் தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் நான் மறக்கவில்லை. அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. நான் அவளை வாழ்த்தி மாலை போடச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி நீதிபதியின் முன் வைத்திருக்கலாம் என்கிறேன். எதிரி வாய் திறந்து கேட்காவிட்டாலும், பதிவில் இருக்கும் சான்றிலிருந்து தற்காப்பு வெளிப்பட்டால் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே முன்ஷி ராம் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆனால் பதிவில் இருக்க வேண்டுமே.

இப்போது சென்னையில் மேல்முறையீட்டை நடத்தும் பெண் வழக்கறிஞர், பழைய மருத்துவப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருகிறார். சென்ற மாதம் அதில் ஒன்றின் நகலை என்னிடம் காட்டினார். அவளுடைய இடது கை முறிந்த நாளின் விபத்துப் பதிவேடு. அன்று இரவு ஆட்டோ பிடித்து அவளை அழைத்துப் போனது நான்தான். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டபோது, அவள் மேசைக்கு அடியில் தன் வலது கையால் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான்தான் பதில் சொன்னேன். நகலில் மருத்துவரின் கிறுக்கலான எழுத்தில் அது அப்படியே இருக்கிறது: மாடிப்படியில் தவறி விழுந்ததாக உடன் வந்தவர் கூறுகிறார். அதற்குக் கீழே, உடன் வந்தவர் என்ற கட்டத்தில், என் பெயர்.