கடிதத்தில் ‘பேரணி’ என்று எழுதிவிடாதீர்கள்

நாற்பது பேர் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் போக இவ்வளவு அலைய வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், பேசாமல் வழக்கம்போல நாலு பேரோடு முட்டுக்காடு வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

நான் செய்த முதல் தப்பு, அனுமதிக் கடிதத்தில் ‘சைக்கிள் பேரணி’ என்று எழுதியது. கேட்க நன்றாக இருக்கிறதே என்று போட்டேன். வாங்கிய எழுத்தர் அந்த ஒரு சொல்லைத்தான் படித்தார். எந்தக் கட்சி, கொடி உண்டா, மைக் செட் உண்டா, கோஷம் போடுவீர்களா? “ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அஞ்சு மணிக்கு யாரைப் பார்த்து சார் கோஷம் போடுறது?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சென்னை எல்லைக்குள் ஊர்வலம் என்றால் 1888-ஆம் ஆண்டின் நகரப் போலீஸ் சட்டம், 41-வது பிரிவு, குறைந்தது ஐந்து நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும். நான் போனது புதன்கிழமை. ரைடு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போனது.

அப்புறம்தான் எல்லைப் பிரச்சினை. திருவான்மியூர் சென்னை கமிஷனரேட், கோவளம் 2022-இல் தனியாகப் பிரிந்த தாம்பரம் கமிஷனரேட், மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டப் போலீஸ். மிதிக்கிற நமக்கு ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரே ரோடு, கடிதம் மட்டும் மூன்று. இதில் ஓர் இடத்தில் கொடுத்துவிட்டு நகலில் சீல் வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனால் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்கிறார்கள். ஆபீசுக்குப் போட்ட அரை நாள் லீவு வீண். தயவுசெய்து சீல், தேதி, கையெழுத்து மூன்றும் இல்லாமல் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள்.

புதிதாக எழுதிய கடிதத்தில் பேரணியும் இல்லை, ஊர்வலமும் இல்லை: ‘உடற்பயிற்சிக்காகப் பத்துப் பத்துப் பேராக, இடைவெளி விட்டு, சாலையின் இடது ஓரமாகச் செல்வோம்.’ அதற்குப் பிறகு கேள்வியே வரவில்லை.

அன்றைக்கும் பாதி வழியில் ரோந்து ஜீப் நிறுத்தியது. எங்களில் ஒருவர் உடனே, சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை, லைசென்ஸ், அபராதம் எதுவும் எங்களுக்குக் கிடையாது என்று சட்டம் பேச ஆரம்பித்தார். லைசென்ஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனால் தாறுமாறாக ஓட்டினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு சைக்கிளையும் விடாது. அதையெல்லாம் அந்தக் காவலர் சொல்லவில்லை. “மூணு பேர் ஜோடி போட்டு கதை பேசிக்கிட்டே போறீங்க. மோட்டார் வாகனம் இல்லேன்னு சொன்னா பஸ் ஒதுங்கிப் போயிடுமா?” என்று மட்டும் கேட்டார். நியாயம்தான், மூன்று பேர் சேர்ந்துதான் போனோம், அதில் நானும் ஒருவன். கடிதத்துக்கு முரணாக நானே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சீல் போட்ட நகலை நீட்டினேன். டார்ச் அடித்துப் படித்தார். பின் விளக்கு இல்லாத இரண்டு பேரை நடுவில் வரச் சொன்னார். கோவளம் திருப்பம் வரை அந்த ஜீப் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தது.

அடுத்த ரைடுக்கும் அதே கடிதம்தான், தேதியை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன்.