சியர்ல்ஸ் ஏரியின் எட்டுமுகப் படிகங்கள்

அக்டோபர் 11, ட்ரோனா

நாளை ஏரிக்குள் விடுகிறார்கள். சியர்ல்ஸ் ஏரி என்று பெயர்தான் ஏரி. கண்ணுக்குத் தெரிவது வெள்ளை உப்புத் தளம், அதன் அடியில் உப்புநீர். கலிஃபோர்னியாவின் இந்த மூலையில் சோடா சாம்பலும் போராக்ஸும் எடுக்கும் தொழில் நடப்பதால் நினைத்தபோது உள்ளே போக முடியாது. உள்ளூர் கனிமச் சங்கம் அக்டோபரில் நடத்தும் ஜெம்-ஓ-ரமா என்ற கனிமச் சேகரிப்பு விழாதான் வழி.

வருகிறவர்களில் பலர் தேடுவது ஹேங்க்ஸைட் என்ற கனிமத்தை. தடித்த அறுகோணப் படிகம், சல்ஃபேட்டும் கார்பனேட்டும் குளோரைடும் ஒரே உடலில். அழகுதான். என் மனசு எண்முகியாக, அதாவது எட்டு முகப் படிகமாக, வளரும் சல்ஃபோஹாலைட் என்ற கனிமத்தில். 1888இல் இந்த ஏரியிலிருந்துதான் முதலில் விவரிக்கப்பட்டது. அப்போது சல்ஃபேட்டும் குளோரைடும் மட்டுமே உள்ளதாக எண்ணினார்கள்; ஃப்ளூரினும் இருப்பதை 1900இல் கனிமவியலாளர் பென்ஃபீல்டு காட்டினார். தேர்ந்த வேதியியலாளர் கைக்கே ஒரு தனிமம் தப்பியிருக்கிறது என்றால், வெறும் வடிவத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவதை நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

அக்டோபர் 12

காலையில் சேற்றுக் குவியல். தோண்டிக் கொட்டிய கறுப்புச் சேற்றில் முழங்கை வரை விட்டுத் துழாவ வேண்டும். மதியம் துளைக் கிணறு: அழுத்தக் காற்று செலுத்தினால் உப்புநீரோடு படிகங்களும் பீறிட்டு வந்து விழுகின்றன. குவியல் ஓரத்தில் ஒரு ஹேங்க்ஸைட் கொத்து. அதன் தோளில் ஒட்டியபடி, மங்கிய பச்சை கலந்த மஞ்சளில், பட்டாணி அளவில் ஓர் எண்முகி! கை நடுங்கியது.

கழுவியது ஏரி உப்புநீரிலேயே. இங்கே கிடைப்பவை எல்லாம் தண்ணீரில் கரைபவை. குழாய் நீர் பட்டால் விளிம்புகள் மழுங்கிவிடும். செறிந்த உப்புநீரில் இனிமேல் கரைய இடமில்லை. மென் தூரிகையால் தேய்த்து, உடனே துணியால் ஒற்றினேன். ஈரத்தோடு காயவிட்டால் மேலே வெள்ளைத் தூள் படிந்துவிடும்.

அக்டோபர் 13

இளஞ்சிவப்பு ஹாலைட் (பாறை உப்பு) பயணம். உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் தரும் நிறம். கொஞ்சம் எடுத்தேன். மனசு நேற்றைய பெட்டியிலேயே.

அக்டோபர் 17

மேசையில் சோதனை. சிக்கல் இதுதான்: இதே ஏரியில் நார்துபைட், டைக்கைட் என்ற வேறு இரு கனிமங்களும் எண்முகிகளாகவே வளர்கின்றன. மூன்றும் கனசதுரத் தொகுதி, அதாவது எல்லாத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரி கடத்தும் படிக வகை. குறுக்கிட்ட போலராய்டு தகடுகளுக்கு நடுவே மூன்றுமே எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். ஹேங்க்ஸைட்டை விலக்க அது உதவும். இவற்றுக்குள் பிரிக்க உதவாது.

அமிலச் சொட்டு அடுத்த படி. நார்துபைட்டிலும் டைக்கைட்டிலும் கார்பனேட் இருப்பதால் நுரைக்கும், சல்ஃபோஹாலைட் நுரைக்காது. ஆனால் தாங்கிநிற்கும் ஹேங்க்ஸைட்டிலும் கொஞ்சம் கார்பனேட் உண்டு. அதன் துணுக்கு ஒன்று கலந்தாலும் பொய்ச்சாட்சி சொல்லிவிடும். எனவே எண்முகியின் உடைந்த மூலையிலிருந்து மட்டும், லென்ஸ் வழியே பார்த்து, ஊசியால் ஒரு துகள் எடுத்தேன். நுரை இல்லை.

அக்டோபர் 18

எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கடுகை விடச் சிறிய துணுக்கு போதும், மாதிரி வீணாகாது. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் சல்ஃபோஹாலைட்டுக்கு ஏறத்தாழ 1.45, மற்ற இரண்டுக்கும் 1.51 அருகில், ஹாலைட்டுக்கு 1.54. நடுவில் நிற்கும் ஒரு திரவம் இருந்தால் தீர்ப்பு வந்துவிடும். 1.47 அளவுள்ள பாரஃபின் எண்ணெயில் துணுக்கைப் போட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். குழலை மெல்ல உயர்த்தினால் விளிம்பின் ஒளிக்கோடு ஒளிவிலகல் எண் கூடிய பக்கம் நகரும். கோடு படிகத்தை விட்டு எண்ணெய்க்குள் போனது. மீண்டும் மீண்டும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெளியேதான். நார்துபைட்டாகவோ டைக்கைட்டாகவோ இருந்தால் உள்ளே போயிருக்கும்.

இன்னொரு துகளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து இரண்டாகப் பிரித்தேன். நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு சேர்த்து வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்ணிற வீழ்படிவு: குளோரைடு. மற்றதில் பேரியம் குளோரைடு: சல்ஃபேட். இரண்டும் இருக்கின்றன, கார்பனேட் இல்லை. சல்ஃபோஹாலைட்!

அக்டோபர் 20

பெயர்ச்சீட்டு எழுதினேன்: கனிமம், தாங்கிய கனிமம், ஏரி, துளைக் கிணற்றுக் குவியல், நாள். பின்புறம் சோதனைகளும் முடிவுகளும். இதைச் சேகரிப்பவர்கள் எல்லாரும் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யார் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாத சீட்டை அடுத்தவர் நம்ப வழியில்லை.

மூடி இறுகிய பெட்டி, சிலிக்கா ஜெல். அதே பெட்டியில் போராக்ஸ் வைக்கவில்லை. உலர்ந்த காற்றில் அது நீரை இழந்து வெண்தூளாகும்.

அக்டோபர் 24

சேற்றுப் பயணத்து ஹேங்க்ஸைட் ஒன்றின் குழியில் களிமண் நிறத்தில் பொடி எண்முகிகள். அமிலத்தில் நுரைக்கின்றன. எடுத்துச் சோதித்த துகளில் குளோரைடு இருக்கிறது, சல்ஃபேட் இல்லை: நார்துபைட். பக்கத்தில் இருப்பதும் அதேதான் என்று எழுதிவிட முடியாது, டைக்கைட் இவற்றோடு கலந்தே இருக்கக்கூடும். அதில் சல்ஃபேட் இருக்கும், குளோரைடு இருக்காது. மீதித் துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனி குப்பிகளில் போட்டிருக்கிறேன். இந்த வாரம் பேரியம் குளோரைடு புதிதாகக் கரைத்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.