பெரிய வீட்டு நாட்குறிப்பு

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். எங்கள் நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் இன்றுதான் பிள்ளையார் நோன்பு தொடங்கும், நாளுக்கு ஒன்றாக இருபத்தோரு இழை. கோடி வேட்டியிலிருந்து முதல் இழையை உருவியாயிற்று. உருவியது ஆத்தா, வேட்டியைப் பிடித்துக்கொண்டது நான். அப்பச்சி (அப்பா) கட்டிலில் படுத்தபடியே "நூல் அறவில்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார். மழை. முகப்பில் வைத்த அகல்களில் பாதி அணைந்துவிட்டன.

டிசம்பர் 4

வீட்டை விற்க மலேசியாவிலிருந்து வர வேண்டிய பவர் (கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) வரவில்லை.

டிசம்பர் 6, சனி

காரைக்குடியிலிருந்து தூண் வியாபாரி வந்திருந்தார். விரல் முட்டியால் ஒவ்வொரு தூணையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அடியில் ஆணியால் கீறிப் பார்த்துவிட்டு, "கரையான் ஏறவில்லை ஆச்சி. நல்ல பர்மாத் தேக்கு" என்றார். வாசல் நிலை, கதவு, தூண், இந்த மூன்றுக்குத்தான் விலையாம். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தால் பாதி உடையும், ஆகவே அதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சுவருக்குச் சல்லிக்காசு கிடையாது. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொல்வோமே, அந்தச் சுவருக்கு. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதைக் கழற்ற முடியும், எதை முடியாது என்று இந்த வீட்டில் யோசித்துப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

ஆட்டோ 120, மாத்திரை 346, காபித்தூள் 150. கையிருப்போடு கணக்கு ஒட்டுகிறது.

டிசம்பர் 8, திங்கள்

கோவிலிலிருந்து புள்ளிவரி ரசீது வந்தது. புள்ளி என்றால் கல்யாணமான ஆண், மனைவியோடு சேர்த்து ஒரு கணக்கு. அப்பச்சி ஒரு புள்ளி, அண்ணன் ஒரு புள்ளி, ஆவணியில் கல்யாணமான அண்ணன் மகன் ஒரு புள்ளி. அவனுக்கு 25 வயது. அவனுடைய வருமான வரிப் படிவத்தை இன்னமும் நான்தான் நிரப்பித் தருகிறேன். எனக்கு 44. கல்யாணமாகாத பெண்ணுக்கு நகரத்தாரின் ஒன்பது கோவிலில் எதிலும் தனிக் கணக்கில்லை. ஆகியிருந்தால் வேறொரு வீட்டுப் புள்ளிக்குள் அடங்கியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். ஒரு முறை பல்லவன் ரயிலில் எதிர் இருக்கைப் பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு "எந்தக் கோவில் ஆச்சி?" என்றார். சொன்னேன். "அப்படியானால் நீ எங்கள் வீட்டுப் பிள்ளையல்லவா" என்று டப்பாவைத் திறந்து சீப்புச் சீடையை மடியில் கொட்டினார். திருச்சி வரை எனக்கு உடம்பு, வேலை, சேமிப்பு எல்லாவற்றிலும் புத்திமதி. இறங்கும்வரை என் பெயரைக் கேட்கவே இல்லை. வேறு யாரும் அப்படிப் பேசியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவரிடம் வாங்கித் தின்றேன், பிடித்தும் இருந்தது.

டிசம்பர் 9

வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மேற்கு ஓரம் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். விற்கப்போகிற வீட்டுக்கு ஓடு மாற்றுவதா என்கிறார் அண்ணன்.

டிசம்பர் 11, வியாழன்

அப்பச்சிக்கு இருமல் குறையவில்லை. தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு படித்தேன். இரண்டாங்கட்டு அலமாரியில், இரண்டாம் தட்டில், பதினான்கு பேரேடுகள். பர்மாவில் ஐராவதிக் கழிமுகத்தில் இருந்த எங்கள் வட்டிக்கடையினுடையவை. நான் எடுத்தது பிரஜோற்பத்தி வருஷம், அதாவது 1931. தலைப்பில் சிவமயம், அதன் கீழ் மகமை (கோவிலுக்கும் தருமத்துக்கும் ஒதுக்கியது), அதற்கும் கீழேதான் மனிதர்கள். இலக்கமெல்லாம் தமிழில். பர்மாக்காரர்களின் பெயர்களை எந்த மேலாளோ காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பெயர், ஏக்கர், அசல், வட்டி. வட்டி வரவில்லை. மறு பக்கத்திலும் வட்டி வரவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில் அதே பெயருக்கு எதிரே நிலம் நம் பக்கம் வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் பர்மாக் கதை 1942-இல்தான் தொடங்கும். ஜப்பான்காரன் குண்டு, கால்நடையாக வந்த மலைப்பாதை, வழியில் காலராவில் போன சின்னையா. பிறகு 1948, நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். உலகம் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், ஆகவே சிக்கனமாக இரு, யாரையும் நம்பாதே, எழுதிவை. அதற்கு முந்தைய பத்து வருஷத்தை ஒருவரும் சொன்னதில்லை. 1930-இல் நெல் விலை சரிந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். எல்லோரும் திட்டம் போட்டுப் பிடுங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வட்டி நின்றால் அடமானம் மூழ்கும், ரொக்கமாக வராதது நிலமாக வரும். ஆனால் மூழ்கியது யாருடையது என்று கேட்டால் பேரேட்டில் பெயர் இருக்கிறது.

எனக்கு எட்டு வயதில் அப்பச்சி வாரம் இரண்டு ரூபாய் தருவார். இரவில் கையிருப்பும் கணக்கும் ஒட்டாமல் படுக்க விடமாட்டார். பத்துப் பைசாவுக்காக அழுதபடி உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஆடிட்டர் ஆனதற்கு அதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வார். யார் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் விடுபட்டதைத்தான் முதலில் தேடுகிறேன். அதை இந்த வீட்டுக் கணக்கில் தேடினால் மட்டும் முகம் சுளிக்கிறார்.

டிசம்பர் 12

பவர் வரவில்லை. வாளி நிரம்பிவிட்டது.

டிசம்பர் 13, சனி

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகள் பேசினாள். ஏழாம் மாதம். "அத்தை, எனக்கு இரண்டு இழையா?" ஆமாம், வயிற்றில் இருக்கிறதற்கும் சேர்த்து. நோன்பு முடியும் நாளில் சுடரோடு விழுங்கும் மாவு உருண்டைக்கும் இழை என்றுதான் பெயர். மாப்பிள்ளைக்குப் பயம், தீயோடு எப்படி விழுங்குவது என்று. அவரும் நம்மவர்தான், ஆனால் நோன்பு கொண்டாடாத வீட்டில் வளர்ந்தவர். சொல்லிக் கொடுத்தேன்: அரிசி மாவு, வெல்லம், நெய். கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடி. இருபத்தோரு இழையையும் சேர்த்துத் திரித்த திரியை நடுவில் செருகு. நெய்யில் நனைந்திருக்க வேண்டும். ஏற்றிக் கொடுக்கிறவரைப் பார்க்காதே, சுடரைப் பார். வாய்க்குள் போட்டு உடனே உதட்டை மூடு. மூடியதும் அணைந்துவிடும், நாக்குச் சுடாது. நான் நாலு வயதில் விழுங்கியிருக்கிறேன். அடுக்குமாடி வீட்டில் புகை மணி அடிக்குமே என்றாள். பால்கனியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆவாரம்பூ அங்கே கிடைக்குமா என்று ஆத்தா இடையில் புகுந்தார்.

புயலில் சிக்கிய கப்பலில் முன்னோர்கள் வேட்டி நூலை உருவி நாளை எண்ணினார்கள், கரையேறியதும் அந்த நூலைத் திரித்து விளக்கேற்றினார்கள் என்று சொல்வார்கள். எங்கள் கதைகள் பலவற்றில் எனக்குச் சந்தேகம் உண்டு. இதை அப்படியே நம்புகிறேன். மூழ்கப்போகும்போதும் கணக்கு வைத்திருப்பார்கள்.

பிறக்காத பிள்ளைக்கு ஒரு இழை. இங்கே யாரும் புள்ளி பார்ப்பதில்லை.

டிசம்பர் 15, திங்கள்

வக்கீல் சொல்லிவிட்டார், மகளின் கையெழுத்து இல்லாமல் வாங்குகிறவர் பணம் தர மாட்டார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்த 2005 சட்டத் திருத்தம், அதை உறுதிசெய்த 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எல்லாவற்றையும் அண்ணன் எதிரிலேயே விளக்கினார். "நீ சும்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார் அண்ணன். சும்மாதான் என்றால் போடாமலும் இருக்கலாம்தானே என்றேன். அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நாலரை மணிக்கே ஒலிபெருக்கி. அப்பச்சி எழுந்து உட்கார்ந்து தானாகவே கஞ்சி கேட்டார்.

டிசம்பர் 18, வியாழன்

அப்பச்சியிடம் பேரேட்டைப் பற்றிக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் படிப்பு அதில்தான்" என்றார். தெரியும் என்றேன். "தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. போர்வையை இழுத்துவிட்டுவிட்டு வந்தேன். ஆனால் 1931-இன் அந்தப் பக்கத்திலுள்ள பெயர்களை ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், அதற்கும் பதில் இல்லை.

டிசம்பர் 19

இழை எடுத்தாயிற்று. இன்று நானே உருவினேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பவர் வந்துவிட்டது. தூதரக முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது. பத்திரப் பதிவை நோன்பு கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று அப்பச்சி சொல்லிவிட்டார். நான் ஒரே ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்தேன்: பேரேடுகள் எனக்கு. பழைய காகிதத்துக்கா இத்தனை என்று அண்ணன் சிரித்தார், சரி என்று கையெழுத்தும் போட்டார்.

மாலையில் துணி சுற்றி வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். ஒன்பதுதான் இருக்கின்றன. 1930 முதல் 1934 வரை ஐந்தும் இல்லை. தட்டில் தூசி இல்லாத இடம் அகலமாகத் தெரிகிறது, இன்றோ நேற்றோ எடுத்ததுதான். வியாபாரி நேற்று வந்து போனதாக வேலைக்காரப் பெண் சொல்கிறாள். அண்ணன் முகப்பில்தான் இருக்கிறார். கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.