முரசில் இரத்தம் கசிந்த இரண்டு வருடம்

நான் தையல்காரி. திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலேயே மெஷின் போட்டு இருபது வருடமாகத் தைக்கிறேன். நூலை முன்பல்லால் கடித்து அறுப்பதுதான் பழக்கம். போன ஆவணியில் ஒருநாள் அப்படிக் கடித்தபோது பல்லு அசைந்தது. நோவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முரசிலிருந்து, அதாவது பல் ஈறிலிருந்து, இரத்தம் அதற்கு முதலே வந்துகொண்டிருந்தது. பிரஷ் பட்டால் கசியுதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைத் தேய்ப்பேன். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். நான் தொடாமல் விட்ட இடத்தில்தான் கிருமி நிம்மதியாகப் பெருகியிருக்கிறது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

பல் கிளினிக்கில் விடியவே போய் நம்பர் துண்டு எடுத்தேன். டொக்டர் மிஸ் கறுப்புக் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை முரசுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கினா. ஒரு பல்லுக்கு ஆறு இடம். "மூன்று, மூன்று, ஐந்து, ஏழு" என்று அவ சொல்லச் சொல்ல நேர்ஸ் எழுதினா. மூன்று மில்லிமீற்றர் வரை பயமில்லையாம். ஏழு என்றால் முரசு பல்லை விட்டுக் கழன்று ஆழமாகப் பை விழுந்துவிட்டது. எக்ஸ்ரேயில் முன்பல்லைச் சுற்றி எலும்பு பாதிவரை இறங்கியிருந்தது.

"கிருமி எலும்பைத் தின்னுதா மிஸ்?" என்று கேட்டேன்.

"நேரா தின்னேல்லை அக்கா. கிருமியை விரட்டவெண்டு உங்கட உடம்பு போடுற சண்டையிலதான் எலும்பு கரையுது."

அந்தப் பைக்குள் காற்றுப் புகாது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பெயரைக் கேட்டேன், துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தா: போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். டிரெப்போனிமா டென்டிகோலா, டனரெல்லா ஃபோர்சிதியா என்று அதற்கு இரண்டு கூட்டாளிகள். 1998இல் ஆய்வாளர்கள் இந்த மூன்றுக்கும் 'சிவப்புக் கூட்டம்' என்று பெயர் வைத்தார்களாம். முதலாவது கிருமிக்கு இரத்தத்தில் உள்ள இரும்பு வேண்டும். முரசு கசியக் கசிய அதற்குச் சாப்பாடு.

பிறகு அவ சொன்ன கதை என்னை உலுக்கிவிட்டது. 1970இலிருந்து பதினைந்து வருடம் எங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராய்ந்திருக்கிறார்கள். பல் துலக்கும் வழக்கமே இல்லாதவர்கள், எல்லாருடைய பல்லிலும் ஊத்தை. ஆனாலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் வேகமாகப் போயிருக்கிறது, பதினொரு பேருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. மற்றவர்கள் நடுவில். அம்மா 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வந்தவ. என் மாமாமார் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், நாற்பது வயதிலேயே பொக்கை வாய். அந்த எட்டுப் பேரில் அவர்களும் இருந்திருப்பார்களோ என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

ஒரே ஊத்தை ஆளுக்கு ஆள் வேறு வேலை செய்வதற்கு உடம்பின் எதிர்ப்பும் காரணம். அதனால்தான் இரத்தம் சோதிக்க அனுப்பினா. சீனி கூடியிருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் முரசு வருத்தம் கூடும். முரசு அழற்சி இருந்தால் சீனியும் இறங்க மறுக்கும்.

விறைப்பு ஊசி போட்டு, இரண்டு தரமாக, முரசுக்குக் கீழே வேர்வரை காரை, அதாவது கல்லாய் இறுகின ஊத்தை, சுரண்டினார்கள். சத்தம்தான் பொல்லாதது. ஒரு வாரம் குளிர்தண்ணி குடித்தால் பல்லுக் கூசியது. வீக்கம் வற்றியதும் பல்லுகள் நீண்ட மாதிரித் தெரிந்தன, இடைவெளியும் விழுந்தது. அந்த இடைவெளிக்குள் விட்டுத் தேய்க்கிற குட்டிப் பிரஷ்தான் இப்போது எனக்கு முக்கியம். முதல் பத்து நாள் இரத்தம் வந்தது, நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு தானாக நின்றது.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது ஏழு நாலாகியிருந்தது. கரைந்த எலும்பு திரும்ப வளரவில்லை. பின்பல்லு ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. முன்பல்லு நிற்கிறது.

வாற செவ்வாய் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்கும் பல் தேய்க்கும்போது கசியுதாம்.