காபிக் கொட்டைக்குள் ஒரு கடுவன்

நறுமணக் கலவைகள் தயாரிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், குப்பியின் மூடியோரம் கசிந்த ஒரு துளி என் சட்டைக் கையில் பட்டது. மாலையில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் அடுத்தடுத்து எழுந்து பின்னால் போனார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பரணில் பூனையைத் தேட ஆரம்பித்தாள். எனக்கோ எதுவும் மணக்கவில்லை. நாள் முழுவதும் ஒரே வாசத்தோடு உழன்றால் மூக்கு மரத்துவிடும். மூக்கை நம்பிச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது.

துளியின் பெயர் மெர்காப்டோ மெத்தில் பியூட்டனால், கந்தகச் சேர்மம். பூனையின் சிறுநீரில், முக்கியமாகக் கடுவனுடையதில், ஃபெலினின் என்றோர் அமினோ அமிலம் உண்டு. அதற்கு வாசமில்லை. சுவரோரம் கிடந்து மெல்லச் சிதையும்போதுதான் இந்தச் சேர்மம் கிளம்புகிறது. இதுவே வறுத்த காபிக் கொட்டையிலும் இருக்கிறது. எங்கள் அலமாரிக்கு வந்ததும் அதனால்தான்.

காபி மணத்தின் பெரும்புள்ளி என்னவோ இதன் பங்காளியான ஃபர்ஃப்யூரைல் தயால். (தயால் என்பது இந்தக் கந்தகச் சேர்மக் குடும்பத்தின் பெயர்; என் சட்டையில் பட்டதும் ஒரு தயால்தான்.) பின்னாளில் தனித்தனியே நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர்கள் ரைக்ஸ்டைனும் ஸ்டாடிங்கரும் 1926-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமின் நூறில் ஒரு பங்கு கலந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கூடினால் காபி மறைந்து எரிந்த ரப்பர் வந்து நிற்கும்.

கந்தகத்தை அடக்க ஆய்வகத்தில் பிளீச்சிங் கரைசல்தான் மருந்து. அது தயாலை ஆக்சிஜனேற்றி நாற்றத்தைக் கொன்றுவிடும். சட்டையை அதில் ஊறவைத்தேன். நாற்றம் போயிற்று, நீல நிறமும் போயிற்று.

அதன்பிறகு என் மூக்கை மட்டும் நம்புவதில்லை. ஆய்வகத்தைப் பெருக்க வரும் அக்காதான் எனக்கு நீதிபதி. மதிய இடைவேளையில் கலவையில் தோய்த்த காகிதக் கீற்றை நீட்டுவேன். எங்கள் குழுவில் பட்டம் பெற்ற யாருக்கும் அப்படியொரு மூக்கு வாய்க்கவில்லை. இன்ஸ்டன்ட் காபிக்காக நான் செய்த ஏழாவது மாதிரியை முகர்ந்துவிட்டு, "காபிதான் சார். ஆனால் ஃபில்டரை இரண்டு நாளாகக் கழுவாத வீட்டுக் காபி" என்றார்.

உள்ளே போய்க் குறிப்பேட்டில் தயாலின் அளவைப் பாதியாக்கினேன்.