டிஸ்க்கைக் காணேல்லையா, பதறாதேங்கோ

கொழும்பு யூனிட்டி பிளாசாவில புது லப்டொப் வாங்கிக்கொண்டு வந்து விண்டோஸை தாங்களே போடுற ஆக்களுக்குத்தான் இது. பென்டிரைவால பூட் பண்ணி, எந்த டிஸ்க்கில போடுறது எண்டு கேக்கிற இடத்தில லிஸ்ட் வெறுமையா நிண்டா உடனே எஸ்எஸ்டி செத்துப்போச்செண்டு கடைக்காரரோட சண்டைக்குப் போயிடாதேங்கோ, இன்டெல் 11ஆவது ஜெனரேஷனில இருந்து கன மெஷினில விஎம்டி (டிஸ்க்கைக் கவனிக்கிற இன்டெலின்ர கொன்ட்ரோலர்) ஒன் ஆகி இருக்கும், அதுக்கு டிரைவர் இல்லாட்டி செட்டப்புக்கு டிஸ்க் கண்ணிலயே படாது. ஒரு மெஷின் எண்டா அந்த ஸ்கிரீனிலயே லோட் டிரைவர் குடுத்து சமாளிக்கலாம்.

ஒபிஸுக்கு மொத்தமா போடுறதெண்டா பென்டிரைவில இருக்கிற விண்டோஸ் இமேஜுக்குள்ளயே (.விம் ஃபைல்) டிரைவரைச் சேக்கிறதுதான் நல்லம். இதில கனபேர் இன்ஸ்டோல்.விம்முக்கு மட்டும் சேத்துப்போட்டு நிம்மதியா இருப்பினம், ஆனா செட்டப் ஓடுறது பூட்.விம்மின்ர 2ஆவது இன்டெக்ஸில (அந்த ஃபைலுக்குள்ள இருக்கிற ரெண்டாவது இமேஜ்), அதுக்குள்ளயும் டிரைவர் போகோணும். இமேஜை ஒரு ஃபோல்டரில மவுண்ட் பண்ணி (திறந்து) டிரைவரைச் சேக்கிற விண்டோஸ் கமாண்ட்தான் டிஸ்ம், அதுக்கு டிரைவரின்ர .ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிற ஃபோல்டரைக் காட்டோணும், .எக்ஸ்இயைக் குடுத்தா அது திரும்பியும் பாக்காது. முடிய அன்மவுண்டுக்கு கொமிட் (சேவ் பண்ணி மூடுறது) குடுங்கோ, டிஸ்கார்ட் குடுத்தா எல்லாம் கோவிந்தா! மவுண்ட் ஃபோல்டர் எக்ஸ்புளோரரில திறந்து கிடந்தாலும் அன்மவுண்ட் மக்கர் பண்ணும், மூடிட்டுச் செய்யுங்கோ.

பிறகு இன்ஸ்டோல்.விம் 4 ஜிபியைத் தாண்டிட்டா ஃபேட்32 ஃபோர்மட்டில இருக்கிற பென்டிரைவில ஏறாது. டிஸ்மின்ர ஸ்பிளிட் இமேஜால 3800 எம்பி துண்டா .எஸ்டபிள்யூஎம் ஆக்கி பென்டிரைவின்ர சோர்சஸ் ஃபோல்டருக்குள்ள போடுங்கோ, பழைய விம்மை எடுத்துவிட்டாச் சரி, செட்டப் துண்டுகளைத் தானே தேடி எடுக்கும்.

ஆருக்கும் கமாண்ட் வேணுமெண்டா கொமென்டில கேளுங்கோ, போடுறன்.