சூடை கேட்டால் வடை

எங்கள் வீட்டுக்குக் காது மிஷின் வந்ததற்குக் காரணம் ஆறு உளுந்த வடை. கடற்கரைப் பக்கம் கிளம்பிய மாமாவிடம், "சூடை கிடந்தா வாங்கிட்டு வாங்க" என்று அத்தை சொல்லி அனுப்பினார். கேட்டது சூடை மீனை. அரை மணி நேரத்தில் மாமா எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு வந்து நின்றார். "சூடா வாங்கியாந்திருக்கேன், ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க." அத்தை அதற்குள் மசாலா அரைத்து, புளி கரைத்து, சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தார். வேறு வழியில்லாமல் அந்த வடையைக் கொதிக்கிற மீன் மசாலாவில் போட்டுச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. இதை இன்றைக்கும் அத்தை முன்னால் சொல்ல முடியாது.

மாமா 30 வருடம் விசைப்படகு டிரைவராக இருந்தவர். எஞ்சினில் சத்தம் மாறினால், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பாராம். எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அந்தச் சத்தம்தான் வருடக்கணக்கில் காதைத் தின்றுவிட்டது என்றார் காது டாக்டர். முதலில் போவது கீச்சு ஓசைகள்தானாம். ச, த, ப போன்ற எழுத்துகளில் இருக்கும் காற்று ஓசை விழாது. அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. சூடையில் 'டை' மட்டும் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்கிறது. முன்பாதியை மாமா சொந்தச் செலவில் போட்டுக்கொண்டார்.

ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனோம். பெரிய சிரிஞ்சில் களிம்பு போல ஒன்றைக் காதுக்குள் இறக்கி, அது இறுகியதும் அச்சாக எடுத்தார்கள். அந்த அச்சை வைத்துச் செய்ததுதான் காதுக்குள் உட்காரும் மோல்டு. மிஷின் காதுக்குப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டியூப். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், "இந்த ஃபேன் இவ்வளவு நாளா இப்படியா கத்திக்கிட்டுக் கிடக்கு?" என்று அதைப் போய் அணைத்தார். ரெண்டாவதாக அத்தையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பராமரிப்பு என் தலையில் விழுந்தது. கணவர் கடலுக்குப் போகிறவர், அத்தைக்குச் சின்னப் பொருள் கண்ணில் படாது. நானோ வீட்டு மிக்ஸிக்கு ஃபியூஸ் போட்ட ஒரே குற்றத்துக்காக மெக்கானிக் ஆனவள்.

முதல் பிரச்சினை பேட்டரி. 13-ஆம் நம்பர், பொத்தான் அளவு, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஓர் அட்டையில் ஆறு. இது வாட்ச் பேட்டரி மாதிரி கிடையாது. உள்ளே இருப்பது துத்தநாகம், வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பட்டால்தான் வேலை செய்யும். அந்தக் காற்று நுழைகிற பொடித் துளைகளைத்தான் ஸ்டிக்கர் மூடி வைத்திருக்கிறது. உரித்தபின் ஒரு நிமிஷம் மூச்சு விட வைத்து அப்புறம் போட வேண்டும். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் பயன் இல்லை, அது தன் பாட்டுக்குத் தீர்ந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் நான் மாமாவுக்கு விளக்கினேன். அவருக்கு அதில் 'உரிக்கணும்' என்கிற சொல் மட்டும் பிடித்துவிட்டது. உட்கார்ந்து ஆறையும் உரித்து, ஒரு மாத்திரை டப்பியில் போட்டு, "ஆத்தா, டேங்க் பூராம் ரொப்பி வச்சாச்சு" என்றார். ரெண்டு பேட்டரி முடிந்து மூன்றாவதைப் போடும்போது மீதி நாலும் செத்துக் கிடந்தன. பேட்டரி கொடுத்த கடைக்காரரைத்தான் மாமா இன்றுவரை திட்டுகிறார்.

அப்புறம் உப்பு. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். எங்கள் வீட்டு இரும்பு கேட்டை விரலால் தட்டினால் உதிரும். கேஸ் அடுப்பின் காலில் துரு, குடைக் கம்பியில் துரு, புது ஹேர்பின் வாங்கினால் அடுத்த மாதம் அதிலும் துரு. இதற்கு நடுவே, வியர்க்கிற காதின் பின்னால், அரிசி மணியளவு மைக்கை வைத்துக்கொண்டு ஒரு மிஷின் எத்தனை நாள் தாங்கும்? வாடைக் காற்று தொடங்கி மழையும் சேர்ந்துகொண்டது. மிஷின் கரகரத்தது, நின்றது, தானாக வந்தது, திரும்ப நின்றது.

மாமா அதை மாடியில் கருவாடு காயும் சாக்கில் ஓர் ஓரமாக வெயிலுக்கு வைத்துவிட்டு வந்தார். காகம் பார்ப்பதற்குள் ஓடிப்போய் எடுத்தேன். வெயில், அடுப்புச் சூடு எதுவும் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அப்போது என் கொழுந்தன் போன் பண்ணி, தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசியில் போட்டுக் காப்பாற்றிய கதையைச் சொன்னான். சரி என்று ராத்திரி மிஷினை அரிசி டின்னுக்குள் வைத்து மூடினேன். பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால்தான் மிஷின் அணையும். மறந்துவிட்டேன்.

காலை ஐந்து மணி. அத்தை என் கதவைத் தட்டினார். "ஏத்தா, எந்திரி. அரிசிக்குள்ள என்னமோ சீறுது."

போனால் உண்மையிலேயே 'ஈஈஈ' என்று ஒரு சத்தம். அத்தை விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் மூடியை நெம்பித் தள்ளினார். சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தார், அரிசிதான் தெரிந்தது. மூடினார். ஈஈஈ. திறந்தார், நின்றது. மூடினார், ஈஈஈ. மூன்றாவது தடவை அத்தையின் கை நடுங்கியது. "ஆள் பாத்து நிறுத்துது பாரு" என்று சொல்லிவிட்டு மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தார். சத்தத்தில் விழித்துக்கொண்ட மாமா வந்து டின்னின் மேல் குனிந்து காது வைத்துக் கேட்டார். பழைய டிரைவர் அல்லவா, கண்ணையும் மூடிக்கொண்டார். "ஒண்ணும் இல்லையே" என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோல்டு வழியாக வெளியே வரும் சத்தம் மூடியில் பட்டு மைக்குக்கே திரும்புகிறது; மிஷின் அதையும் பெரிதாக்கி அனுப்புகிறது; அது திரும்பவும் மைக்குக்குப் போகிறது. சுற்றிச் சுற்றி விசிலாகிவிடும். காதில் மோல்டு சரியாகப் பொருந்தாவிட்டாலும் இதே விசில்தான். மூடியைத் திறந்தால் சத்தம் காற்றோடு போய்விடும், விசில் நிற்கும். மிஷினை எடுத்து அத்தையிடம் காட்டினேன். அன்றைக்குச் சோறு வேறு வீட்டில் கடன் வாங்கிய அரிசியில்தான் பொங்கியது.

விசில் வந்ததில் எனக்கு உள்ளூர சந்தோஷம், மிஷின் உயிரோடு இருக்கிறதே என்று. மோல்டைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துடைத்து, திரும்ப மாட்டி மாமாவிடம் கொடுத்தேன். சுத்தமாகக் கேட்கவில்லை. பேட்டரி மாற்றினேன், கேட்கவில்லை. மிஷின் போச்சு, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வீடே முடிவு பண்ணி, நானும் மாமாவும் ராமநாதபுரம் பஸ் ஏறினோம்.

அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கண்ணில் லென்ஸ் வைத்து டியூபை வெளிச்சத்தில் பிடித்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். உள்ளே கடுகில் பாதியளவுக்கு ஒரு தண்ணீர்த் துளி, டியூபை அடைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"யாருக்கா கழுவுறது?"

"நான்தான்."

"கழுவினது நல்லது. ஊதலையா?"

சின்ன ரப்பர் பந்து ஒன்றை எடுத்து 'புஸ்' என்று ஒரு அமுக்கு. துளி பறந்தது. காதில் மாட்டினதும் மாமா, "ஏன்டா தம்பி இப்படிக் கத்துற?" என்றார். ஒன்றரை மணி நேர பஸ் பயணம், ரெண்டு டிக்கெட், ஒரு புஸ்.

பிறகு அவன் பேட்டரி முனையில் படிந்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்தான். மஞ்சளாகி விறைத்துப்போன டியூபை மாற்றினான், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டுமாம். கடைசியாக மைக் ஓட்டையைத் தூரிகையால் தட்டினான். மேஜையில் வெள்ளைத் தூள் விழுந்தது. "இது என்னக்கா, மாவு மாதிரி?" நானும் மாமாவும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

ஈரம் இழுக்கும் மணிகள் போட்ட டப்பா ஒன்று கொடுத்தான். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, மிஷினை அதில் வைத்து மூடணும். மணி நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், புதுசு போடணும். இதை மாமாவிடம் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் மாமா தலையாட்டினார்.

திரும்பும்போது மாமாவுக்கு ஜன்னல் சீட். மண்டபம் தாண்டி பாலத்தில் ஏறியதும் காற்று நேராக மைக்கில் மோதியிருக்கிறது. திடுக்கிட்டு எழுந்தவர், "பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். கண்டக்டர் குனிந்து கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் கொடுத்தார்.

மறுநாள் காலையில் மாமா புது மாப்பிள்ளை போல மிஷினை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். நாட்டுப்படகுகள் வந்து மீன் ஏலம் போகிற நேரம். ரொம்ப நாளைக்குப் பிறகு ஏலக் குரல் ஒவ்வொரு எண்ணாகக் காதில் விழுந்ததில் மனுஷர் கூட்டத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டார். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்த, மிஷின் அத்தனையையும் அள்ளி உள்ளே கொட்ட, சத்தத்தைக் குறைக்கக் காதுக்குப் பின்னால் கையைத் தூக்கினார்.

"எழுநூத்தம்பது... டிரைவரண்ணன்!"

என்ன என்று பார்ப்பதற்குள் விரல் இன்னொரு முறை காதுக்குப் போயிருக்கிறது. எண்ணூறு. ஒரு தரம், ரெண்டு தரம்.

பதினொரு மணிக்கு மீன்பாடி வண்டியில் ஒரு கூடை வாசலில் இறங்கியது. முழுக்க முழுக்கச் சூடை. அத்தை கூடையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், இடுப்பில் சேலையைச் செருகினார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாமா திண்ணையில் உட்கார்ந்து, நிதானமாக மிஷினைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கமாக மூடினார்.